அலகுக்கு வேலை

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுக்குப் பொழுது போகவில்லையே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. அதற்கு அலுத்துக்கொள்ள நேரமே கிடையாது. விடிந்ததும் கிளம்பினால் குப்பைமேடு, மாட்டுக்கொட்டகை ஓரம், வாழையடி என்று தாயின் பின்னாலேயே ஓட வேண்டும். அவள் காலால் சீய்த்துத் தள்ளும் மண்ணில் எது தின்கிற பண்டம், எது வெறுங்கல் என்று கொத்திக் கொத்திப் பார்க்க வேண்டும். அவள் அடித்தொண்டையில் அவசரமாகக் கூப்பிட்டால் புழு கிடைத்திருக்கிறது என்று பொருள். முந்திக்கொண்டு போக வேண்டும். மேலே நிழல் தெரிந்து அவள் குரல் மாறினால் செடிக்கடியில் ஒண்ட வேண்டும். நடுநடுவே அவள் உட்கார்ந்து இறக்கையைத் தாழ்த்தினால், உள்ளே புகுந்து கதகதப்பான இருட்டில் ஒரு தூக்கம். பிறகு மறுபடியும் ஓட்டம்.

அந்தக் குஞ்சைத்தான் இன்குபேட்டரில் பொரிக்க வைத்து, வீட்டுக்குள் ஒரு மூலையில் அட்டைப்பெட்டிக்குள் விட்டிருக்கிறோம். இன்குபேட்டர் இல்லாத வீட்டில் கலர் குஞ்சு. கூடையோடு தெருவில் வருகிறவரிடம் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் ரோஸ், பச்சை, ஊதாக் குஞ்சுகளைச் சொல்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழி இனத்தில் பிறந்த சேவல் குஞ்சுகள். முட்டையிடாது என்பதால் பொரிப்பகத்துக்கு வேண்டாதவை. இறகு முளைக்க முளைக்கச் சாயம் காணாமல் போய்விடும். எப்படி வந்தாலும் பெட்டிக்குள் நிலைமை ஒன்றுதான். பல்பு, தீவனம், தண்ணீர். தீவனத்தட்டு கண்ணெதிரில் இருப்பதால் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. மிச்சப் பகல் முழுக்க அந்த அலகும் கால்களும் என்ன செய்யும்?

பக்கத்துக் குஞ்சின் வாலைக் கொத்தும்.

இதைக் கெட்ட குணம் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்து ஆய்வாளர் ஹாரி பிளாக்ஹாய்ஸ் 1986-ல் எழுதிய கட்டுரை, கோழிகள் ஒன்றையொன்று இறகு கொத்துவதைத் தரையைக் கொத்தும் பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தது. தரையில் கொத்தவும் கிளறவும் ஏதும் இல்லாதபோது, அந்தக் கொத்து அடுத்ததன் உடம்புக்குத் திரும்புகிறது. பசி தீர்ந்தாலும் கொத்தும் வேட்கை தீர்வதில்லை. நாம் பொழுதுபோக்கு என்று நினைக்கிற எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது. தாய்க்கோழி செய்கிற எந்த வேலையை இந்தச் சாமான் செய்கிறது? பதில் இல்லையென்றால் அது குஞ்சுக்கான பொருள் இல்லை, நமக்கான பொருள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லாக் கொத்தலும் வேலையில்லாத கொத்தல் அல்ல. சூடு மிகுந்தாலும் கொத்தும், இடம் நெருக்கமானாலும் கொத்தும், வெளிச்சம் கண்ணைக் கூசினாலும் கொத்தும். தீவனத்தில் புரதமோ உப்போ குறைந்தாலும் கொத்தும். ஒரு துளி ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவை அங்கேயே கூடும். அடிபட்டதை அப்போதே தனியே எடுத்துவிட வேண்டும். இத்தனையும் சரியாக இருந்து, அப்புறமும் கொத்தினால்தான் விளையாட்டுச் சாமான் பேச்சு.

சூடு என்று வந்ததால் அதையும் முடித்துவிடுவோம். முதல் வாரம் பல்புக்குக் கீழே 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு 2 வாட் என்று நம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இருபது குஞ்சுக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு மாட்டிவிட்டுக் குஞ்சு ஏன் நடுங்குகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. சித்திரை வெயிலில் அறையே 35-ஐத் தாண்டும்போது பகலில் பல்பே வேண்டாம். பல்பைச் சங்கிலியிலோ கம்பியிலோ உறுதியாகக் கட்டுங்கள், வெறும் வயரில் தொங்கவிடாதீர்கள். கீழே கிடப்பது உமியும் அட்டையும்.

தெர்மாமீட்டரைவிடக் குஞ்சின் குரல் நம்பகமானது. நிக்கோலஸ் கோலியாஸும் மார்ட்டின் ஜூஸும் 1953-லேயே கோழிகளின் ஒலிகளைக் கருவியில் பதிந்து வரைபடமாக்கிப் பார்த்தார்கள். குளிர், பசி, தனிமை என்று குஞ்சு தவிக்கும்போது எழும் கூப்பாட்டில் சுருதி மேலிருந்து கீழே இறங்குகிறது. நிம்மதியாக இருக்கும்போது முணுமுணுக்கிறதே, அந்தச் சின்னச் சத்தங்களில் கீழிருந்து மேலே ஏறுகிறது. அடுத்த அறையில் இருந்தே கேட்டுப் பழகலாம். எல்லாம் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். வாயைத் திறந்துகொண்டு பெட்டியின் ஓரம் ஒதுங்கினால் வெக்கை. பரவலாகத் திரிந்து, நினைத்த இடத்தில் விழுந்து தூங்கினால் சரியாக இருக்கிறது. அந்த நிலை வந்த பிறகுதான் குஞ்சுக்கு விளையாடத் தோன்றும்.

முதல் இரண்டு மூன்று நாள் எந்த அலங்காரமும் வேண்டாம். முட்டைக்குள் இருக்கும்போதே மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. அதை வைத்துக்கொண்டு ஓரிரு நாள் தீனி இல்லாமலேயே தாக்குப்பிடிக்கும். பொரிப்பகங்கள் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவது இந்தத் தைரியத்தில்தான். ஆனால் கொத்தக் கற்றுக்கொள்ளும் பருவமும் அதுவே. தாய் இல்லாத வீட்டில் அந்த வேலையை உங்கள் ஆள்காட்டி விரல் செய்யலாம். கொஞ்சம் குருணையைத் தாளில் தூவி, விரல் நுனியால் டக் டக் என்று தட்டுங்கள். ஒன்று ஓடி வந்து அதே இடத்தில் கொத்தும். அதைப் பார்த்து மற்றவையும் வரும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டோ கழுவிய கூழாங்கல்லோ போட்டு வையுங்கள். குஞ்சு உள்ளே விழுந்து மூழ்காது. பளபளக்கும் குண்டைக் கொத்தப் போய்த் தண்ணீர் குடிக்கவும் பழகிக்கொள்ளும். முதன்முதலாகக் கிடைக்கும் விளையாட்டுச் சாமான் என்றால் இதுதான்.

உமியை இரண்டு அங்குலம் பரப்பி, முதல் சில நாளைக்கு மட்டும் மேலே நியூஸ்பேப்பர் விரிப்பார்கள், குஞ்சு உமியைத் தீனி என்று தின்றுவிடக் கூடாது என்பதற்காக. அடியில் உமி இருந்தால் தாள் மேடு பள்ளமாக இருக்கும், கால் பிடிக்கும். வெறும் தரையில் விரித்த தாளும் வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாளும் வழுக்கும். சில நாளிலேயே இரண்டு காலும் பக்கவாட்டில் பிளந்துகொண்டு எழ முடியாமல் போகும். பழைய பருத்தித் துண்டு நல்லது. நூல் பிரிந்த துணி வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போய் ஒன்று சொல்கிறேன். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ரோசா ருகானியும் அவர் குழுவினரும் பிறந்து மூன்று நான்கு நாளான குஞ்சுகளிடம் கணக்குப் பரீட்சை நடத்தினார்கள். குஞ்சு பிறந்ததும் எதோடு பழகுகிறதோ அதைத் தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். இவர்கள் சின்னச் சின்னப் பந்துகளோடு பழக்கினார்கள். பிறகு அந்தப் பந்துகளை ஒவ்வொன்றாக இரண்டு திரைகளுக்குப் பின்னால் மறைத்தார்கள். எந்தத் திரைக்குப் பின்னால் அதிகப் பந்துகள் போயினவோ அங்கேயே குஞ்சு போனது. ஒரு திரையிலிருந்து எடுத்து மற்றதற்கு மாற்றினாலும், கூட்டிக் கழித்துச் சரியான பக்கம் போனது. இது 2009-ல். 2015-ல் அதே ஆய்வாளர் குழு, மூன்று நாள் குஞ்சுகள் சின்ன எண்ணிக்கையை இடப்பக்கமும் பெரிய எண்ணிக்கையை வலப்பக்கமும் தேடுவதாகச் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பஞ்சு உருண்டை, கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதை நான்கு வெற்று அட்டைச் சுவருக்குள் வைத்துவிட்டு, வாலைக் கொத்துகிறதே என்று நாம் கோபித்துக்கொள்கிறோம்.

முதல் வாரம் முடிகிற சமயத்தில் தாளை எடுத்துவிடலாம். உமி வெளியே வந்ததும் பாதி வேலை முடிந்தது. தீவனம் முழுவதையும் தட்டில் வைக்காமல் ஒரு பங்கைத் தினை, உடைத்த கம்பு, நொய்யரிசி என்று உமிக்குள் தூவி விடுங்கள். குஞ்சு காலால் தள்ளும், ஒரு அடி பின்னால் நகரும், குனிந்து பார்க்கும், கொத்தும். தாயைப் பார்க்காமலே இது வருகிறது. ஸ்டார்ட்டர் தீவனம் மட்டும் தின்கிற குஞ்சுக்கு மணல் தேவையில்லை; தானியமும் கீரையும் கொடுக்கத் தொடங்கினால் ஒரு சின்ன மூடியில் கரகரப்பான ஆற்றுமணல் வையுங்கள், இரைப்பையில் அரைபட அது வேண்டும்.

எல்லாவற்றிலும் நான் முதலிடம் கொடுப்பது கரையானுக்கு. நம் கிராமங்களில் குஞ்சு வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பழைய மண்பானை. உள்ளே காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல் அல்லது சோளத்தட்டை. தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிட்டால், மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் பானைக்குள் அப்பியிருக்கும். எடுத்து வந்து உமியின்மேல் தட்டினால் பெட்டிக்குள் கலவரம்தான். ஒரு குஞ்சு வாயில் கவ்விக்கொண்டு ஓடும், நான்கு பின்னால் துரத்தும், அதற்குள் அங்கே நூறு கரையான் உமிக்குள் இறங்கிவிடும். அவற்றைத் தோண்டி எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். தீனிக்குத் தீனி, ஓட்டத்துக்கு ஓட்டம். புரதமும் இலவசம். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருப்பவர்கள் பானையை எங்கே கவிழ்ப்பது? தயவுசெய்து மர அலமாரிக்குப் பக்கத்தில் வேண்டாம். உங்களுக்கு அரிசி மூட்டை இருக்கிறது. பழைய அரிசியைச் சலிக்கும்போது விழும் வண்டையும் புழுவையும் தூக்கி எறியாமல் பெட்டியில் கொட்டுங்கள். மருந்து கலந்த அரிசியாக மட்டும் இருக்கக் கூடாது.

கீரைக்கட்டு அடுத்தது. முருங்கைக் கொத்தையோ அரைக்கீரையையோ தரையில் போட்டால் மிதித்து நாசமாக்கும். குஞ்சு கழுத்தை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்தினால் ஆடுகிறது, ஆடினால் இன்னொன்று கொத்துகிறது. இலை தீர்ந்தால் காம்பை எடுத்துவிட வேண்டும்.

தொங்கும் பொருளுக்கு இருக்கும் இந்த ஈர்ப்பை ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வகத்தில் பிரையன் ஜோன்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். மணி, சங்கிலி, வண்ணக் கயிறு என்று பலவற்றைத் தொங்கவிட்டுப் பார்த்ததில், குஞ்சுகளுக்கு மிகப் பிடித்தது வெறும் வெள்ளைக் கயிற்றுக் கற்றை. பாசிமணி கோத்து அழகுபடுத்தியதைவிட மொட்டைக் கயிறே மேல். இழுத்தால் வருகிறது, பிரிகிறது, இறகைக் கோதுவதுபோல் அலகில் பிடித்து உருவலாம் என்பதால் இருக்கும். வீட்டில் செய்வதென்றால் விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, நடுவில் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். இழை பிரியத் தொடங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும். விழுங்கிய நூல் தீனிப்பையில் சுருண்டு அடைத்துக்கொண்டால் குஞ்சு பிழைப்பது கடினம். ஜோன்ஸின் குழு, கம்ப்யூட்டரின் ஸ்கிரீன்சேவர் படங்களைக்கூடக் குஞ்சுகளுக்குக் காட்டிப் பார்த்தது. பார்த்துப் பழகியவை பயப்படாமல் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றனவாம். அதற்காக யாரும் செல்போனைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு தலைமுறை அப்படி வளர்கிறது.

இரண்டாம் வாரத்தில் விரல் பருமனுள்ள ஒரு குச்சியைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் குறுக்கே பொருத்தலாம். ஏறும், தடுமாறும், விழும், மறுபடி ஏறும். இறகு வளர வளரக் குச்சியையும் உயர்த்தலாம். இது வெறும் வேடிக்கைக்காக இல்லை. 1999-ல் வெளிவந்த, ஸ்வீடனின் குன்னார்சன் குழுவின் ஆய்வில், நான்கு வாரத்துக்குள் குச்சியில் ஏறப் பழகிய கோழிகளிடம், முட்டையிடும் வயதில் தரையில் முட்டை போடுவதும் ஒன்றையொன்று ஆசனவாயில் கொத்திக் கொல்வதும் குறைந்திருந்தது. குஞ்சுப் பருவத்தில் கற்காத கோழிக்கு உயரம் என்று ஒரு இடம் இருப்பதே தெரியாமல் போகிறது.

புழுதிக் குளியலுக்கு ஒரு பழைய மண்சட்டியோ ஓரம் உயர்ந்த தட்டோ போதும். காய்ந்த மணலில் சலித்த விறகுச் சாம்பல் கொஞ்சம். முதல் வாரத்திலேயே புரளத் தொடங்கிவிடும். பக்கவாட்டில் படுத்து, கண்ணை மூடி, காலை உதறி மண்ணை முதுகில் வாரி இறைக்கும் காட்சியை முதல் தடவை பார்ப்பவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பதறுவார்கள். ஒன்று புரண்டால் எல்லாம் சேர்ந்து புரளும். வீட்டுக்குள் தூசி பறக்கும்; ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பெட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவதே நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் விழித்திருக்கும் நேரத்துக்கு. மக்கள் மறந்துபோவது இருட்டை. தாயின் இறக்கைக்குள் சூடும் இருளும் சேர்ந்தே கிடைத்தன. பல்பில் சூட்டோடு வெளிச்சமும் வருகிறது. தூங்கும் குஞ்சின் மேல் விழித்திருக்கும் குஞ்சு ஏறி நடக்கிறது, கண்ணருகே கொத்துகிறது. வெளிச்சமில்லாத சூட்டுக்கூரைக்கு அடியில், ஓரங்களில் திரை தொங்க வளர்த்த குஞ்சுகளிடம் இறகு கொத்துதல் குறைவு என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2006-ல் காட்டினார்கள். நமக்கு எளிய வழி, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர். பல்புதான் என்றால், பெட்டியின் ஒரு ஓரத்தில் அட்டையைச் சாய்த்து நிழலான மூலை ஒன்று ஏற்படுத்துங்கள், பல்பில் படாத தூரத்தில். சிவப்பு பல்பும் கொத்தலைக் கொஞ்சம் தணிக்கும். இரவிலும் புழுங்குகிற மாதங்களில் அணைத்துவிடலாம்.

ஒற்றைக் குஞ்சு வைத்திருப்பவர்கள் கண்ணாடி வைக்கலாமா என்று கேட்பார்கள். வைத்தால் கத்தல் கொஞ்சம் அடங்கும். ஆனால் கண்ணாடிக்குள் இருப்பது சூடு தராது, கூட ஓடாது, புழுவுக்குச் சண்டை போடாது. இன்னொரு குஞ்சு வாங்கிவிடுங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கையும் ஒரு விளையாட்டுச் சாமான்தான். மேலிருந்து இறங்கும் கை குஞ்சுக்குப் பருந்து. பக்கவாட்டில் கதவு வெட்டி, உள்ளங்கையில் தினை வைத்துத் தரையோடு தரையாக நீட்டச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில் கையில் ஏறி உட்காரும். அதற்கப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் பிள்ளைகளுக்குச் சலுகை கிடையாது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் உள்ளே வைத்தால் குஞ்சுகள் மிரண்டு ஒரு மூலையில் குவியும். ஒன்றைக் கொடுத்து, அலுத்தபின் எடுத்து, சில நாள் கழித்துத் திரும்ப வைத்தால் புதிதுபோல் வரவேற்கும். இடம் முக்கியம்: குஞ்சுக்கு அரை சதுர அடி இல்லாத பெட்டியில் எந்தச் சாமானும் இடைஞ்சலே. இரண்டாம் வாரத்திலேயே விளிம்புக்குத் தாவும் என்பதால் மேலே வலை போட்டாக வேண்டும், எலிக்கும் பூனைக்கும் சேர்த்து. உமி நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். ஈர உமியில்தான் ரத்தக்கழிச்சல் வளர்கிறது.

வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டிருந்தால், மூன்றாம் வாரம் இளவெயில் நேரத்தில் குஞ்சுகளை வெளியே விட்டுப் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடலாம். தெருக்கோழிகளோடு கலக்காத இடமாக இருக்கட்டும். முதல் நாள் புல்லைக் கண்டு அசையாமல் நிற்கும். ஒன்று எறும்பைக் கொத்தியதும் சரியாகிவிடும். நான்கைந்து வாரத்தில் இறகு மூடியபின் பெட்டியே தேவைப்படாது. பழைய உமியைச் செடிக்குப் போட நினைத்தால் உடனே போடாதீர்கள், கோழி எச்சத்தின் சூட்டில் வேர் கருகும். நிழலில் குவித்து, தண்ணீர் தெளித்து, நன்றாக மட்கியதும் போடுங்கள்.